நீளம், அகலம், உயரம்

டைல்ஸ் குடோனில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரி ஓட்டுநரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் வாய்ப்பாட்டக்கா. வீட்டில் மூத்த மருமகள் என்பதால் பெரியவள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். வாய்ப்பாட்டக்கா என்று கூப்பிட்டால் மட்டும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடமே உட்கார்ந்து பார்க்க, இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கி இருபதாம் வாய்ப்பாடு வரை எங்கும் தடுமாறாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அது நடக்கப் பழகிய பிறகு குடோனில் வேலைக்குச் சேர்ந்தாள். உடைந்த டைல்ஸைப் பொறுக்கித் தனியே வைக்கும் வேலை. ஒருநாள் இருப்பு எழுதுகிறவர் வரவில்லை. பதினேழு பேலட், ஒன்றில் பதின்மூன்று பெட்டி, மொத்தம் எத்தனை என்று தெரியாமல் மேனேஜர் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். "பதினேழு பதிமூணு இருநூத்தி இருபத்தொண்ணு சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கையில் உடைந்த டைல்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். அடுத்த மாதமே இருப்பு எழுதும் வேலை அவள் கைக்கு வந்துவிட்டது.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. டைல்ஸ் பெட்டிகளை மரத் தட்டின் மேல் அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் பேலட். அதை ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தூக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். எண்ணுகிறவள் முன்னால் நின்று அகலத்தை எண்ண வேண்டும், பக்கவாட்டில் போய் நீளத்தை எண்ண வேண்டும், உயரத்தைப் பார்க்க வேண்டும். மூன்றையும் பெருக்கி, ஒரு பேலட்டில் எத்தனை பெட்டியோ அதாலும் பெருக்கினால் முடிந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினால் ஒரு வாரம் பிடிக்கும் வேலையை அவள் கால்மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவாள். ஒன்பது வருஷம் இப்படித்தான் போயிற்று.

பத்தாவது வருஷம் கொழுந்தனுக்குக் கல்யாணமானது. சின்னவள் வந்தாள். ஒல்லி உடம்பு, பேச்சு குறைவு. கீழ்த்தளத்தில் பெரியவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம், சமையலறை மட்டும் பொது. கொழுந்தனுக்கு வேலை சரியாக ஓடாத சமயத்தில், குடோனில் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, பெரியவளே மேனேஜரிடம் சொல்லி ஓரகத்தியைச் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டதைத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்தாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அதில் பொய் இல்லை. தான் மேஜையில், தங்கச்சி முறைக்காரி துடைப்பத்தோடு என்கிற ஏற்பாடு மனசுக்கு இதமாகவும் இருந்தது. அதிலும் பொய் இல்லை.

அந்த இதம் ஆறு வாரம்தான் நீடித்தது.

ஒரு திங்கட்கிழமை பெரிய லாரியில் சரக்கு வந்து இறங்கியது. நாற்பத்தெட்டு பேலட், ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு பெட்டி. "மொத்தம் எவ்வளவும்மா?" என்றார் மேனேஜர். இருபதுக்கு மேல் பெரியவளிடம் வாய்ப்பாடு கிடையாது. பேனாவை எடுத்து, எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஆறெட்டு நாற்பத்தெட்டு என்று தொடங்கினாள். அவள் முதல் வரியை முடிக்கும் முன்பே மூலையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஆயிரத்து எழுநூத்தி இருபத்தெட்டு."

சின்னவள்தான். கையில் துடைப்பம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பெருக்கத் தொடங்கிவிட்டாள். பெரியவள் காகிதத்தில் போட்டு முடித்தாள். ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு.

"எப்படிம்மா சொன்னே?" என்றார் மேனேஜர்.

"அம்பது பேலட்டுன்னு வெச்சுக்கிட்டேன் சார். ஆயிரத்து எண்ணூறு. ரெண்டு பேலட்டு அதிகமா வெச்சேன்ல, அதுக்கு எழுபத்திரண்டைக் கழிச்சேன்."

மேனேஜர் சிரித்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். அந்த மனுஷனுக்கு நாக்கு சும்மா இருக்காது. "இத்தனை நாளா ஒருத்தர் குடோனைப் பெருக்கினாங்க, ஒருத்தர் கணக்கைப் பெருக்கினாங்க. இனிமே ரெண்டையும் ஒரே ஆளு பெருக்கிடும் போலிருக்கே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்த வாயை மூட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பொறாமை பற்றியது.

வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "பத்தொம்பது ஏழு எவ்வளவு?"

"இருபது ஏழு நூத்தி நாப்பது. ஒரு ஏழு போனா நூத்தி முப்பத்தி மூணு" என்றாள் சின்னவள்.

"அதான் வாய்ப்பாட்டுலயே இருக்கே. எதுக்குச் சுத்தி வளைக்கிறே?"

"எனக்கு வாய்ப்பாடே தெரியாதுக்கா. சின்ன வயசுல எனக்குத் திக்கும். ஒப்பிக்கச் சொன்னா முதல் வரியிலேயே நின்னுடுவேன். டீச்சர் தெரியலன்னு நெனச்சு பெஞ்சு மேல ஏத்தி விட்டுடுவாங்க. நின்னுக்கிட்டே மனசுக்குள்ள எதையாவது ஒடைச்சு, சேத்து, விடையை மட்டும் கண்டுபிடிச்சு வெச்சுக்குவேன். ஒரு வார்த்தைன்னா சொல்லிடலாம்ல."

வேறொருத்தி சொல்லியிருந்தால் பெரியவள் இரக்கப்பட்டிருப்பாள். இவள் சொன்னபோது மனசு கணக்குப் போட்டது. நான் தொண்டை வறளக் கத்திக் கத்தி உருப்போட்டேன். இவள் பெஞ்சு மேல் சும்மா நின்றே என்னைத் தாண்டிவிட்டாள். இதில் என்ன நியாயம்?

அப்புறம் பொறாமைக்குத் தீனி தேட வேண்டியிருக்கவில்லை. தானாகவே வந்து விழுந்தது. லாரி ஓட்டுநர்கள் சந்தேகம் கேட்க மேஜைக்கு வருவதற்குப் பதில் துடைப்பம் இருக்கும் திசைக்குப் போனார்கள். "உன் ஓரகத்தி பெரிய மூளைக்காரிதான்" என்று வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். அன்று அவருக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றவில்லை. லாரி நிற்கும் நேரத்தில் பெருக்கினால் தூசி பறக்கிறது என்று மேனேஜரிடம் சொல்லி, சின்னவளைப் பின்பக்கத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். தூசி பறந்தது உண்மை. ஆனால் ஒன்பது வருஷமாகப் பறந்த தூசிதான் அது.

எல்லாவற்றிலும் மோசமாக வலித்தது மகள் விஷயம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவில்லை. தினமும் சாயங்காலம் எதிரே உட்காரவைத்து, தொடையில் தாளம் தட்டிச் சொல்லவைப்பாள். ஏழேழு நாற்பத்தொன்பது வரை வண்டி ஓடும். ஏழெட்டில் குடை சாய்ந்துவிடும். பிள்ளை அழும், தாயும் கத்துவாள். ஒருநாள் கத்தி ஓய்ந்து அடுப்படிக்குப் போனவளுக்கு மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"இந்தக் குளியலறைத் தரையைப் பாரு. ஏழு வரிசை இருக்கு. ஒரு வரிசைக்கு எட்டுக் கல்லு. எட்டை உனக்குப் பிடிச்ச மாதிரி ஒடைச்சுக்கோ."

"அஞ்சும் மூணும்."

"ஏழஞ்சு?"

"முப்பத்தஞ்சு."

"ஏழு மூணு?"

"இருபத்தொண்ணு. ரெண்டையும் சேத்தா... அம்பத்தாறு. சித்தி, ஏழெட்டு அம்பத்தாறு!"

கரண்டியோடு கீழே நின்ற பெரியவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் வீட்டுப் பூட்டைச் சாவியே இல்லாமல் இன்னொருத்தி திறந்ததைப் பார்த்ததுபோல இருந்தது. அன்று படுக்கப் போகும்போது மகள் சொன்னாள்: "சித்தி சொன்னா புரியுதும்மா. நீ சொன்னா பயமா இருக்கு." பெரியவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. குடோனின் தகரக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. அதே சமயம் அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இருப்பு விவரமெல்லாம் அதோடு போயிற்று. புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் மேனேஜர் சொன்னார்: "முழுக் குடோனையும் எண்ணிடுங்கம்மா. நீங்க எழுதிக் குடுக்குறதைத்தான் முதல் கணக்கா ஏத்தப் போறோம். மூணு நாள்ல முடியுமா?"

"ரெண்டு நாள் போதும் சார்" என்றாள் பெரியவள்.

இரண்டாம் நாள் மதியம் வெள்ளை டைல்ஸ் அடுக்குக்கு வந்தாள். குடோனிலேயே பெரிய அடுக்கு. நீளம் எட்டு, அகலம் ஆறு, உயரம் இரண்டு. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. எழுதிக்கொண்டிருந்தபோது சின்னவள் ஈரத் துணியும் வாளியுமாகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த அடுக்குல நடுவுல பாத்துக்கோங்க. அங்க மேல ஒழுகுதுன்னு ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் ரெண்டு எடம் காலியா விட்டிருக்காரு. வெளியிலேருந்து தெரியாது. நான்தான் இடுக்கு வழியாப் போய் வாளி வெச்சுட்டு வர்றேன்."

சொன்னது மெதுவாகத்தான். ஆனால் பத்தடி தள்ளி மேனேஜர் நின்றிருந்தார். தன் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று அவர் காதில் விழவேண்டும் என்றே இவள் இந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"நீ தரையைப் பாரு. அடுக்கை நான் பாத்துக்குறேன்."

சின்னவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏணியைக் கொண்டுவந்து போட்டு மேலே ஏறி எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷம். ஏணி பத்தடி தூரத்தில் சுவரில் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் ஏறினால் சின்னவள் பார்ப்பாள். அவள் சொல்லி இவள் ஏறினாள் என்று ஆகிவிடும். அவள் அந்தப் பக்கம் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த அடுக்குக்குப் போனாள். அதற்கடுத்த அடுக்குக்கும் போனாள். சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எட்டாறு நாற்பத்தெட்டு, அதில் இரண்டு மடங்கு தொண்ணூற்றாறு. பேலட்டுக்கு முப்பத்திரண்டு பெட்டி. காகிதத்தில் பெருக்கி, மூவாயிரத்து எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏணி விஷயத்தை அதற்குள் மறந்தேவிட்டிருந்தாள், அல்லது மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

மழை நின்றது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் நல்ல சம்பளம் என்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புது ஆள் வந்தார்.

இரண்டரை மாதம் கழித்து, ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு வெள்ளை டைல்ஸ் மூவாயிரம் பெட்டி கேட்டு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்து மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டார். நாலு நாள் லாரிகள் வந்து ஏற்றிப் போயின. புது ஆள் முன்னாலிருந்து ஒவ்வொரு பேலட்டாக எடுத்துக்கொண்டே வந்தார். நடுவில் வெற்றிடம் வந்தபோது அவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நாலாம் நாள் அடுக்கு தீர்ந்துவிட்டது. லாரியில் ஐம்பத்தாறு பெட்டிக்கு இடம் காலியாக இருந்தது. தரையில் ஒரு பெட்டி கூட இல்லை.

மேனேஜர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டார். கணக்கில் மூவாயிரத்து எழுபத்திரண்டு. போனது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திநாலு. ஆக நூற்றிருபத்தெட்டு பெட்டியைக் காணவில்லை. யாரிடம் பின்கதவுச் சாவி இருக்கிறது? காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவது யார்? தினமும் குப்பை வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போவது யார்?

சின்னவளைக் கூப்பிட்டனுப்பினார். எண்ணினவள் என்பதால் பெரியவளையும் கூப்பிட்டார்.

"எண்ணின அன்னையிலேருந்து இன்னிக்கு வரைக்கும் அறுபத்து நாலு வேலை நாள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு பெட்டி. குப்பைக்கு அடியில வெச்சா யாருக்கும் தெரியாது. ரெண்டு அறுபத்து நாலு எவ்வளவும்மா? நீதான் நல்லா பெருக்குவியே."

சின்னவள் வாயைத் திறந்தாள். "ந... ந..." என்றாள். "நடு... நடு..." உதடு அதே இடத்தில் நின்று துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் திக்கி ஒருநாளும் பெரியவள் பார்த்ததில்லை. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டவள் உளறுகிறாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று அந்த அறையில் பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும். நூற்றிருபத்தெட்டு என்று கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு நாலு நூற்றிருபத்தெட்டு. இரண்டு இடம், இரண்டு உயரம், நாலு பேலட்.

"நீங்க எண்ணினது சரிதானேம்மா?" என்றார் மேனேஜர்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்க என்கிற பார்வை.

"சரியாத்தான் சார் எண்ணினேன்" என்றாள் பெரியவள்.

சின்னவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, விசாரித்து முடிக்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பெரியவள் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் சமையலறையில் காத்திருந்தாள். இப்போது திக்கல் இல்லை. சொற்கள் தெளிவாக வந்தன.

"அன்னைக்கு நடுவுல பாருங்கன்னு சொன்னேன்ல அக்கா?"

"எப்போ சொன்னே?"

சின்னவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் குடோனில் பெரியவள் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. சந்தேகம் கேட்க எல்லோரும் அவள் மேஜைக்கே வந்தார்கள். மூலையில் குரல் இல்லை. ஒரு லாரிக்காரர், "அமைதியா இருக்கும் அந்தப் பொண்ணு, இப்படிப் பண்ணும்னு யாரு நெனைச்சா" என்றார். பெரியவள் ரசீதைப் பார்த்துக்கொண்டு "உம்" கொட்டினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடிவைத்தாள். பன்னிரண்டு பதினாலு கேட்டதற்கு நூற்றெழுபத்தெட்டு என்று சொல்ல, கேட்டவரே நூற்றறுபத்தெட்டு என்று திருத்தினார்.

மூன்றாம் நாள் காலையில் கொழுந்தன் கீழே இறங்கி வந்தான். ஷேவ் செய்யாத முகம்.

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை மேனேஜர்கிட்ட பேசணும். அவ எடுக்கிற ஆளு இல்லன்னு உங்களுக்கே தெரியும். உங்க வார்த்தைக்கு அங்க மதிப்பு இருக்கு. எத்தனையோ தடவை கேட்டுட்டேன், என்ன நடந்துச்சுன்னு அவ வாயே தெறக்க மாட்டேங்குறா. 'அக்காவுக்குத் தெரியும், அக்காகிட்டயே கேளுங்க'ன்னு மட்டும் சொல்றா."

சின்னவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மாடியிலிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும், பெரியவளின் மானம் சந்தி சிரித்திருக்கும். போடவில்லை. முதலில் வந்த நினைப்பு நன்றியில்லை என்பதைப் பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள். இதிலும் இவள் என்னைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டாளே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. அது வந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

"நான் பேசுறேன்" என்றாள்.

குடோனுக்குப் போய், பையைக்கூட மேஜையில் வைக்காமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"திருட்டு எதுவும் நடக்கல சார். நான் எண்ணினது தப்பு. அடுக்குக்கு நடுவுல நாலு பேலட் எடம் காலியா இருந்துச்சு. அந்தப் பொண்ணு அன்னைக்கே என்கிட்ட சொல்லுச்சு. நான் பாக்கல."

"சொல்லியும் ஏன் பாக்கல?"

இந்தக் கேள்விக்கு வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். மறந்துவிட்டது, நேரமில்லை, ஏணி இல்லை. வாயில் வந்தது வேறு.

"அவ சொல்லி நான் பாக்கணுமான்னு இருந்துச்சு சார்."

மேனேஜர் போனை எடுத்தார். பழைய ஃபோர்க்லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார். போனிலிருந்து குரல் வெளியே கேட்டது. "ஆமா சார், மழை ஒழுகிச்சுல்ல, நாலு பேலட் போடாம விட்டேன். வாளி வெச்சது அந்தப் பொண்ணுதான். ஏன், என்ன ஆச்சு?"

குறைந்த ஐம்பத்தாறு பெட்டியைக் கம்பெனியின் இன்னொரு குடோனிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். பெரியவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. ஒன்பது வருஷத்தை நினைத்து விட்டிருப்பார்கள்.

மேனேஜரே வீட்டுக்கு வந்து சின்னவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். அவள் வாசலில் நின்றே பேசினாள். "வர்றேன் சார். பெருக்கத்தான் வருவேன். ஆனா துடைப்பத்தோட இல்ல." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. மேனேஜருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அடுத்த மாதம் இன்னொரு குடோனில் இருப்பு எழுதும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அது நகரத்தின் மறுகோடியில் இருந்தது. போக வர மூன்று மணி நேரம் பிடிக்கும் என்று புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பக்கமே வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

போகிற அன்று சாமான் ஏற்றிய பிறகு பெரியவள் மாடிக்குப் போனாள். காலி அறையில் சின்னவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் பெரியவள்.

"அந்த ரூம்ல நீங்க எனக்காகப் பேசுவீங்கன்னு நின்னேன் அக்கா. என் வாய் வரலன்னா என்ன, அக்கா வாய் இருக்குன்னு நெனச்சேன்." கொக்கியைப் போட்டாள். "மூணு நாள் கழிச்சாவது பேசினீங்க. ஆனா அந்த மூணு நாளை என்னால மறக்க முடியாது. மறந்துட்டேன்னு பொய் சொல்ல வரல."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பேசாமலும் இருந்துவிடவில்லை. மகள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போய்வந்தாள். பெரிய பெருக்கல், வகுத்தல், அப்புறம் பின்னம் எல்லாம் அங்கேதான் நடந்தது. தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வாங்கியபோது முதலில் போன் போனது சித்திக்கு. பெரியவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே அந்தப் போன் பேச்சு முழுவதையும் கேட்டாள். அடுப்பு அன்றைக்குப் போல என்றைக்கும் பளபளத்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனியில் புது ஏற்பாடு வந்தது. வருஷக் கடைசியில் ஒரு குடோனின் ஆள் மற்ற குடோனை எண்ண வேண்டும். பெரியவள் இரண்டு பஸ் மாறிச் சின்னவளின் குடோனுக்குப் போனாள். சின்னவள் அதே நேரத்தில் பெரியவளின் குடோனை எண்ண வந்திருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் பெரியவளின் கண் மேஜைக்குத்தான் போனது. பூட்டு வைத்த இழுப்பறை. தனி மின்விசிறி. மேஜை மேல் ஒரு தாள் கூடத் தாறுமாறாக இல்லை. அன்றைக்கு அவள் ஒவ்வொரு அடுக்குக்கும் ஏணி போட்டு ஏறினாள். முன்னால், பின்னால், மேலே, இடுக்கில் எல்லாம் பார்த்தாள். ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. எங்காவது ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி, சின்னவளின் கணக்குக்குக் கூடவோ குறையவோ இருந்துவிடாதா என்று தேடினாள். முட்டி வலித்தது. உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி அடுக்கை எழுதினாள். ஒரு பெட்டி கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

சின்னவளின் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜை மேலிருந்த போன் அடித்தது. மேனேஜர்.

"உங்க ஓரகத்தி இங்க எண்ணி முடிச்சுட்டாங்க. சாம்பல் டைல்ஸ் அடுக்குல உங்க கணக்குக்கு ரெண்டு பெட்டி கம்மின்னு எழுதியிருக்காங்க. இன்னொரு தடவை எண்ணச் சொல்லட்டுமா?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாம்பல் டைல்ஸ். நீளம் ஐந்து, அகலம் நாலு, உயரம் இரண்டு. ஏறிப் பார்த்துத்தான் எழுதினாள். அதற்கப்புறம் உடைந்து எடுத்திருப்பார்களோ? தான் எழுத மறந்தோமோ? இன்னொரு தடவை எண்ணினால் ஒருவேளை அவளுடையது தப்பாக இருக்கலாம். ஒருவேளை.

"வேண்டாம் சார்" என்றாள். "அவ எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்த பிறகு வாய் கசந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஆறு மணிக்குத்தான் பஸ். அதுவரை அந்த நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல நாற்காலி. அவளுடையதற்கு முதுகுச் சாய்வே கிடையாது.